லீவு என்பது தருமமா, கூலியா?

(குறிஞ்சிப்பாடியில் கூடிய தொழிலாளர் தோழர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "சம்பளத்தோடு லீவு" என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "இதில் ஒரு மணி நேரம் பேசுவதற்கு என்ன இருக்கிறது? முதலாளி லீவு கொடுத்தால் வாங்கிக் கொள்ளுகிறோம், கொடுக்காவிட்டால் பேசாமல் வேலைக்குப் போகிறோம்" என்று நினைக்கலாம். அப்படி நினைக்கிறவர்கள் இருப்பதால்தான் நான் பேச வேண்டியிருக்கிறது. கொடுத்தால் வாங்கிக் கொள்வது பிச்சை. உழைத்துச் சேர்த்ததைக் கேட்டு வாங்குவது உரிமை. லீவு இவ்விரண்டில் எது என்று நாம் முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

உங்களை ஒன்று கேட்கிறேன். தைப்பூசம் என்றைக்கு என்று கேட்டால், வடலூருக்குப் பக்கத்தில் இருக்கிற நீங்கள் எல்லோரும் உடனே சொல்லி விடுவீர்கள். தீபாவளி, பொங்கல், ஆடிப்பெருக்கு எல்லாவற்றுக்கும் தேதி தெரியும். ஆனால் உங்கள் பெயரில் இன்று எத்தனை நாள் சம்பள லீவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் எத்தனை பேர் சொல்லுவீர்கள்? பஞ்சாங்கத்தில் இருக்கிற நாள் தெரிகிறது. கம்பெனிக் கணக்கில் நம் பெயருக்கு எதிரே இருக்க வேண்டிய நாள் தெரியவில்லை. நமக்கு எது சொந்தமோ அதைப்பற்றி நமக்கே கவலை இல்லாவிட்டால், வேறு யாருக்குக் கவலை இருக்கும்?

விடுமுறை என்பது மூன்று தினுசு. ஒன்று, வாரத்தில் ஒருநாள் ஓய்வு. இரண்டாவது, தேசிய நாட்களும் பண்டிகை நாட்களும். இதற்காக இந்த இராஜ்யத்தில் 1958-ல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும், வேறு ஐந்து பண்டிகை நாளும் ஆக 9 நாள் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை. மூன்றாவது, வேலை செய்த நாளுக்குத் தக்கபடி வருஷத்தில் சேருகிற லீவு. நான் பேசப் போவது இந்த மூன்றாவதைப் பற்றித்தான். பண்டிகை விடுமுறையில் ஆணுக்காவது கொஞ்சம் ஓய்வு உண்டு. வீட்டுப் பெண்களுக்கு அன்றைக்குத்தான் இரட்டை வேலை. உண்மையான ஓய்வு வேண்டுமானால், நாம் விரும்பிய நாளில் நாம் எடுத்துக் கொள்ளுகிற லீவுதான் அதைத் தர முடியும்.

இந்த லீவு ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. எந்த முதலாளியும் மனமிரங்கிக் கொடுத்ததும் அல்ல. 1936-ல் பிரான்சு தேசத்தில் தொழிலாளிகள் லட்சக்கணக்கில் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை நிறுத்தம் செய்த பிறகுதான், அங்கே வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பள லீவு என்று சட்டம் வந்தது. அதே வருஷத்தில் ஜினீவாவிலுள்ள சர்வதேசத் தொழில் ஸ்தாபனம், ஒரு வருஷம் வேலை செய்தவனுக்குக் குறைந்தது 6 வேலை நாளாவது சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் செய்தது. நம் நாட்டில் 1945-ல்தான், பழைய ஆலைச் சட்டத்தைத் திருத்தி, வருஷத்துக்கு 10 நாள் என்று வைத்தார்கள். பிறகு 1948-ல் செய்யப்பட்ட ஆலைச் சட்டம் 1949 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்தது. அதில்தான் 20 நாள் வேலைக்கு 1 நாள் லீவு என்கிற கணக்கு ஏற்பட்டது. வேலை செய்யும் பிள்ளைகளுக்கு 15 நாளைக்கு 1 நாள்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 20 நாள் வேலை செய்தவன் 21 நாள் கூலிக்கு உரியவனாகிறான். அந்த 21-வது நாள் கூலியை அவன் அன்றைக்கே வாங்கிக் கொள்ளாமல், பின்னால் ஓய்வு எடுக்கும்போது வாங்கிக் கொள்ளுகிறான். இவ்வளவுதான் சங்கதி. ஆகவே லீவுச் சம்பளம் என்பது முதலாளியிடத்தில் நாம் விட்டு வைத்திருக்கிற நம்முடைய கூலியே தவிர வேறல்ல. நாம் கொடுத்து வைத்த பணத்தை நாம் திருப்பிக் கேட்கும்போது, தலையைச் சொறிந்து கொண்டு நிற்க வேண்டிய அவசியம் என்ன?

"நாங்கள் துண்டுக் கூலிக்காரர்கள், எங்களுக்கு ஏது தினக்கூலிக் கணக்கு?" என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. அதற்கும் அந்த 1948-ம் வருஷத்துச் சட்டத்திலேயே பதில் இருந்தது. லீவுக்கு முந்தின மாதத்தில் அவன் வேலை செய்த நாட்களில் சராசரியாக நாளொன்றுக்கு என்ன சம்பாதித்தானோ அதுதான் அவனுடைய லீவுக் கூலி. மிகை நேரக் கூலியும் போனசும் அதில் சேராது, பஞ்சப்படி சேரும். எனவே எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவனுக்கு லீவுக் கணக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால், அது தெரியாமல் சொல்வதாக இருக்க வேண்டும். அல்லது தெரிந்தே ஏய்ப்பதாக இருக்க வேண்டும். இந்த ஊரில் வீட்டிலேயே தறி போட்டு நெய்கிற தோழர்களுக்குத்தான் இந்தச் சட்டங்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தறி நின்றால் அடுப்பும் நிற்கும் என்பதே அவர்கள் நிலைமை. அது தனியே பேச வேண்டிய பெரிய விஷயம்.

நிற்க, பக்கத்திலுள்ள நெய்வேலிக்கு வருவோம். 1956-ல் பழுப்பு நிலக்கரிக் கார்ப்பரேஷன் ஏற்பட்டு, 1957-ல் சுரங்கம் தோண்டத் தொடங்கிய நாள் முதல், இந்தச் சுற்று வட்டாரத்துக் குடும்பங்களின் ஜீவனம் அதைச் சுற்றியே நடக்கிறது. சுரங்கத்துக்கென்று 1952-ல் தனிச் சட்டம் உண்டாயிற்று. பூமிக்குக் கீழே வேலை செய்கிறவனுக்கு 15 நாளைக்கு 1 நாளும், பூமிக்கு மேலே வேலை செய்கிறவனுக்கு 20 நாளைக்கு 1 நாளும் லீவு என்பது அந்தச் சட்டத்தின் கணக்கு. நெய்வேலிச் சுரங்கத்தின் அடியிலே நிற்கிற தோழர் எங்கே நிற்கிறார்? அண்ணாந்து பார்த்தால் மேலே நிற்கிற ஆள் எறும்பு மாதிரி தெரிகிறான். ஆனாலும் சட்டப்படி அவர் பூமிக்கு மேலே வேலை செய்கிறவர்! ஏனென்றால் திறந்த வெளிச் சுரங்கத்தில் வேலை செய்வது பூமிக்கு மேலே வேலை செய்வதாகும் என்று அந்தச் சட்டமே வியாக்கியானம் செய்தது. தலைக்கு மேலே கூரையாக மண் இருந்தால்தான் கீழே. வானம் தெரிந்தால் மேலே. சட்டத்தில் ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாவிட்டால், நமக்கு எத்தனை நாள் லீவு என்பதும் தெரியாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் ஒரேமாதிரி வாரத்தில் 6 நாள் வேலை செய்வதில்லை. ஆபீசில் இருப்பவன் 5 நாள் போகிறான். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறவனை 4 நாள் கூப்பிடுகிறார்கள். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற தாய்மார்களுக்குக் கொட்டை வரத்து இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. பெருக்கித் துடைக்க வாரத்தில் 3 நாள் மட்டும் போகிற பெண்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் லீவுக் கணக்கு எப்படி?

பண்டிகை விடுமுறைகளைக் கழிக்காமல், சுலபமாக விளங்குவதற்காக ஒரு கணக்குப் போடுகிறேன். பிள்ளைகள் இருந்தால் எழுதிக் கொள்ளட்டும். வாரத்தில் 6 நாள் வேலை செய்கிறவனுக்கு 52 வாரத்தில் 312 நாள். 20-ஆல் வகுத்தால் 15.6 நாள் லீவு. 5 நாள்காரனுக்கு 260 நாள், லீவு 13. 4 நாள்காரனுக்கு 208 நாள், லீவு 10.4. 3 நாள்காரனுக்கு 156 நாள், லீவு 7.8. பார்வைக்கு ஒருவனுக்கு அதிகம், ஒருவனுக்குக் குறைவு என்று தோன்றும். ஆனால் அவரவர் லீவை அவரவர் வார வேலை நாளால் வகுத்துப் பாருங்கள். 15.6-ஐ 6-ஆல் வகுத்தாலும், 13-ஐ 5-ஆல் வகுத்தாலும், 10.4-ஐ 4-ஆல் வகுத்தாலும், 7.8-ஐ 3-ஆல் வகுத்தாலும் வருவது 2.6 வாரம்தான். ஆகவே 20-க்கு 1 என்பது நியாயமான கணக்கு. எவனுக்கும் அதிகமில்லை, எவனுக்கும் குறைவில்லை.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கணக்குக்கு முன்னால் வைத்திருக்கிற நிபந்தனையில் இருக்கிறது. வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் லீவு என்று ஆலைச் சட்டத்தில் வைத்திருந்தார்கள். இது 6 நாள்காரனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. 72 நாள் வராவிட்டாலும் அவனுக்கு லீவு உண்டு. 5 நாள்காரனுக்கு 20 நாள்தான் இடம். அதற்கு மேல் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் அந்த வருஷத்து லீவு முழுவதும் போயிற்று. 4 நாள்காரன் ஒரு நாள்கூடத் தவறாமல் போனாலும் 208-க்கு மேல் எட்ட முடியாது. 3 நாள்காரனைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சிலரால் ஒருக்காலும் நிறைவேற்ற முடியாத நிபந்தனையை வைத்து விட்டு, "எல்லோருக்கும் பொதுவான சட்டம்" என்று சொன்னால், அது என்ன பொது?

2023-ல் நடந்த ஒரு காரியத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் ஏப்ரல் மாதத்தில், ஆலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரையில் வேலை வாங்க இடம் கொடுக்கும்படியான ஒரு திருத்த மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. "வாரத்துக்கு 48 மணிதானே? 4 நாளில் முடித்து விட்டு 3 நாள் வீட்டில் இருக்கலாமே" என்று அதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்ததன் பேரில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே 1-ந் தேதி வாபஸ் பெறப்பட்டதாக முதல் மந்திரி அறிவித்தார். 12 மணி நேரம் நின்று கொண்டு வேலை செய்தால் உடம்பு என்னவாகும் என்பதைப் பற்றி அப்போது எல்லோரும் பேசினார்கள். ஆனால் லீவு என்னவாகும் என்பதைப் பற்றி அதிகமாகப் பேச்சில்லை. 6 நாளில் 8 மணி வீதம் வேலை செய்கிறவனும், 4 நாளில் 12 மணி வீதம் வேலை செய்கிறவனும் வருஷத்தில் உழைப்பது அதே 2496 மணி நேரம்தான். ஒருவன் 312 நாள் வந்ததாகக் கணக்கு. மற்றவன் 208 நாள் வந்ததாகக் கணக்கு. 240 நாள் நிபந்தனை அப்படியே இருந்தால், முதலாமவனுக்கு லீவு உண்டு. இரண்டாமவனுக்கு ஒரு நாள்கூட இல்லை. உழைப்பு ஒன்றாயிருக்க, பலன் மட்டும் இரண்டாவது எப்படி நியாயமாகும்?

இப்பொழுது அந்தப் பழைய சட்டங்கள் போய், 2020-ல் செய்யப்பட்ட தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமை பற்றிய சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்திருக்கிறது. ஆலைச் சட்டம், சுரங்கச் சட்டம், தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலிய 13 சட்டங்கள் அதற்குள்ளே அடங்கி விட்டன. 20-க்கு 1, பூமிக்குக் கீழே 15-க்கு 1 என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. 240 நாள் என்ற நிபந்தனையை மாத்திரம் 180 நாளாகக் குறைத்திருக்கிறார்கள். நல்லதை நல்லதென்றே சொல்ல வேண்டும். இதனால் 208 நாள் வருகிற 4 நாள்காரனுக்கு வழி பிறந்திருக்கிறது. 5 நாள்காரனுக்கும் மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் 3 நாள்காரனுக்கு 156 நாள்தானே? அவன் வெளியிலேயே நிற்கிறான். அவன் என்றுகூடச் சொல்லக் கூடாது, அவள் என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் பார்த்துக் கொண்டு வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் வேலைக்குப் போகிறவர்களில் அநேகர் பெண்கள்தான்.

"அரைகுறையாக வேலை செய்கிறவர்களுக்கு எதற்கு லீவு? அவர்களுக்குத்தான் வாரத்தில் நாலு நாள் ஓய்வாயிற்றே" என்று சிலர் கேட்கலாம். நான் அவர்களைக் கேட்கிறேன்: 3 நாள் வேலை செய்கிறவளுக்கு நீங்கள் 6 நாள் சம்பளமா கொடுக்கிறீர்கள்? 3 நாள் சம்பளம்தானே கொடுக்கிறீர்கள்? சம்பளத்தில் பாதி என்றால் லீவிலும் பாதி என்பதுதானே நியாயம்? பாதிக்குப் பாதி கொடு என்றால், பாதிக்கு ஒன்றுமேயில்லை என்பது எந்த ஊர்க் கணக்கு?

மற்றொரு வேடிக்கையையும் கேளுங்கள். அந்த 1948-ம் வருஷத்துச் சட்டத்திலேயே, வருஷத்தின் நடுவில் ஒரு தொழிலாளி வேலையை விட்டு விலகினாலும், விலக்கப்பட்டாலும், இறந்து போனாலும், 240 நாள் முடியாவிட்டாலும்கூட, அதுவரை செய்த வேலைக்குரிய லீவுச் சம்பளத்தை அவனுக்கோ அவன் வாரிசுக்கோ கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அதாவது 100 நாள் வேலை செய்து விட்டுச் செத்துப் போனால் 5 நாள் லீவுக் கூலி உண்டு. 200 நாள் வேலை செய்து விட்டு உயிரோடு இருந்தால் ஒன்றுமில்லை! செத்தவனுக்குச் செல்லுகிற கணக்கு உயிரோடிருப்பவனுக்கு ஏன் செல்லக் கூடாது? நாம் செய்த புண்ணியத்துக்குப் பலன் செத்த பிறகு கிடைக்கும் என்று சொல்லுகிறவர்களை நாம் வேறு இடத்தில் பார்த்திருக்கிறோம். தொழிற் சட்டத்திலும் அதே மாதிரியா இருக்க வேண்டும்?

நிபந்தனை வைக்காமல் சட்டம் செய்ய முடியாது என்பதும் உண்மையல்ல. 1951-ல் செய்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், வருஷத்துக்கு இத்தனை நாள் வந்தே தீர வேண்டும் என்று வைக்காமலே, செய்த வேலையில் 20 நாளைக்கு 1 நாள் லீவு என்று எழுதியிருந்தார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்குச் சரியாக இருந்த முறை மற்றவர்களுக்கு மட்டும் எப்படிச் சரியில்லாமல் போகும்?

வெளி தேசங்களில் இதை இன்னும் சுலபமாகச் செய்கிறார்கள். லீவை நாளாக எண்ணாமல் வாரமாக எண்ணுகிறார்கள். இங்கிலாந்தில் வருஷத்துக்கு 5.6 வாரம் லீவு. அதன்படி 5 நாள் வேலைக்காரனுக்கு 28 நாள். 3 நாள் வேலைக்காரனுக்கு 16.8 நாள். அங்கேயும் ஒரு குறை உண்டு. 28 நாளுக்கு மேல் சட்டம் கட்டாயப்படுத்தாது என்பதால், 6 நாள் உழைப்பவனுக்கும் அதே 28-தான். ஜெர்மனி தேசத்தில் 6 நாள் வாரத்தை வைத்துக் குறைந்தது 24 நாள் என்று எழுதியிருக்கிறார்கள். 5 நாள்காரனுக்கு அது 20 ஆகிறது, 3 நாள்காரனுக்கு 12 ஆகிறது. எல்லோருக்கும் 4 வாரம். யாரையும் வாசலில் நிறுத்தி "நீ அரை ஆள், உனக்கு இல்லை" என்று சொல்லுவதில்லை.

வாரமாக எண்ணாமல் மொத்தமாக இத்தனை நாள் என்று வைத்தால் வேறுவிதமான கோளாறு உண்டாகும். நம் கடைச் சிப்பந்திகளுக்கான 1947-ம் வருஷத்துச் சட்டத்தில், ஒரு வருஷம் வேலை செய்தவனுக்கு 12 நாள் சம்பள லீவு. உடம்பு சரியில்லாவிட்டால் 12 நாள். மற்றக் காரியங்களுக்கு 12 நாள். நல்ல சட்டந்தான். ஆனால் 12 நாள் என்பது 6 நாள் கடையில் நிற்கிறவனுக்கு 2 வாரம். 5 நாள் ஆபீசில் உட்காருகிறவனுக்கு 2 வாரத்துக்கு மேல். அதிகமாக உழைக்கிறவனுக்குக் குறைந்த ஓய்வு! ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும், அவனவன் வாரத்துக்குத் தக்கபடி லீவு என்பதுதான் அறிவுக்கும் நியாயத்துக்கும் பொருந்துவதாகும்.

எனவே நமது கோரிக்கை சிறியது, தெளிவானது. நிபந்தனையை எடுத்து விட வேண்டும். எடுக்க மனமில்லாவிட்டால், எல்லோருக்கும் 180 என்று வைக்காமல், அவனவனுக்கு வருஷத்தில் எத்தனை வேலை நாளோ அதில் இத்தனை பங்கு என்று வைக்க வேண்டும்.

தோழர்களே! சட்டம் மாறுகிற வரையில் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே செய்யக்கூடிய காரியங்கள் சில இருக்கின்றன. ஒன்று, ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கி, வேலைக்குப் போன நாளை எல்லாம் குறித்து வையுங்கள். ஒப்பந்தக்காரர் மாறும்போதும், கணக்குப் புத்தகம் மாறும்போதும், பழைய நாட்கள் காணாமல் போவது இந்த நாட்டில் புதிதல்ல. இரண்டு, ஆலையில் வேலையில்லாமல் முறைப்படி நிறுத்தி வைத்த நாள், பிரசவ லீவு நாள், முன் வருஷத்து லீவை எடுத்துக் கொண்ட நாள் ஆகியவை 180 நாள் எண்ணிக்கையில் சேரும். புதுச் சட்டத்தில் பிரசவ லீவு 26 வாரம் வரையில் சேருகிறது. இதைத் தாய்மார்கள் மறக்கக் கூடாது. மூன்று, லீவின் நடுவிலோ முன் பின்னிலோ வருகிற விடுமுறை நாளை லீவிலே கழிக்கக் கூடாது. நான்கு, எடுக்காத லீவில் 30 நாள் வரையில் அடுத்த வருஷத்துக்குச் சேரும். நாம் கேட்டு முதலாளி மறுத்த லீவு எவ்வளவானாலும் சேரும். ஆகவே லீவை வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள்.

ஒருவன் வருஷத்தில் சில நாளாவது கூலிக்குப் பயமில்லாமல் வீட்டில் உட்கார்ந்து, தன் பிள்ளையோடு பேசவும், ஒரு பத்திரிகை படிக்கவும், உலகத்தைப் பற்றி யோசிக்கவும் முடியாவிட்டால், அவன் மனிதனாக இருந்து என்ன பிரயோஜனம்? மாட்டுக்குக்கூடப் பொங்கலுக்கு மறுநாள் நுகத்தடியை இறக்கி விடுகிறோம். மனிதனுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கேட்பது பேராசை அல்ல. கேட்கிறவன் கணக்குத் தெரிந்து கேட்டால், கொடுக்கிறவன் ஏமாற்ற முடியாது. அந்தக் கணக்கைத் தெரிந்து கொள்ளுங்கள். தெரியாதவர்களுக்கும் சொல்லுங்கள்.